சுவருக்குள் கழிந்த நேரம்

'எவ்வளவு நேரம்?' என்பதைக் காட்டிலும் எளிய கேள்வி மனிதனுக்குத் தெரியாது. பேருந்து நிலையத்தில் கேட்கிறோம்; மருத்துவமனையில் அறுவைக் கூடத்திற்கு வெளியே நின்று கேட்கிறோம்; சாவு வீட்டில், கடைசி மூச்சு பிரியுமுன் எவ்வளவு நேரம் துன்புற்றார் என்று தாழ்ந்த குரலில் கேட்கிறோம். ஒன்று ஓரிடத்தை விட்டுப் புறப்பட்டு வேறோரிடம் வந்து சேர்ந்ததென்றால், இடையில் ஒரு கால அளவு இருந்தே தீரவேண்டும் என்பது நமது அசையாத எண்ணம். அந்த அளவை நாம் அறியாதிருக்கலாம். ஆனால் அளவு என ஒன்று, ஒன்றே ஒன்று, இருக்கத்தான் வேண்டும் என நம்புகிறோம்.

இந்த நம்பிக்கை ஆட்டங்கண்ட ஓர் இடம் இயற்பியலில் உண்டு. அதைக் குறித்து இங்கு எழுதத் துணிவது அறிவியல் பாடம் நடத்துவதற்காக அன்று. இறந்தோரைப் பற்றி நாம் எழுப்பும் கேள்விகளிலும் இதே 'எவ்வளவு நேரம்?' ஓயாது ஒலிக்கிறது. அது சில வேளைகளில் நம்மை வீண் கணக்கிற்கும், சில வேளைகளில் கொடிய தீர்ப்பிற்கும் இட்டுச் சென்றுள்ளது. ஆகவே கேள்வியையே சற்று நிறுத்தி, அதன் தகுதியை ஆராய்வது நமக்கும் பயனுள்ளது.

சிறுவன் ஒருவன் எறியும் பந்து பத்தடி மதிலைக் கடக்கவேண்டுமானால் பத்தடிக்கு மேல் எழும்பவேண்டும். அவ்வளவு உந்துவிசை இல்லையெனில் பந்து மதிலில் மோதித் திரும்பும். ஆனால் அணுவின் உலகில் எப்போதும் இப்படி நடப்பதில்லை. யுரேனியம் 238 அணுக்கருவிலிருந்து ஆல்பா துகள் ஒன்று வெளியேறும்போது அதன் ஆற்றல் 4.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அணுக்கருவைச் சூழ்ந்து நிற்கும் ஆற்றல் மதிலின் உச்சியோ அதைவிடப் பல மடங்கு உயரமானது. ஏறிக் கடக்க வலுவில்லாத துகள் வெளியே நிற்கிறது. 1928-ஆம் ஆண்டில் ரஷ்ய அறிஞர் ஜார்ஜ் காமாவும், அவருடன் தொடர்பின்றித் தனித்து உழைத்த கர்னி, காண்டன் என்னும் இருவரும் இதற்கு விளக்கம் கண்டனர். துகளுக்கு அலையின் இயல்பும் உண்டு. அந்த அலை மதிலுக்குள் நுழைந்து விரைவாகத் தேய்கிறது; ஆனால் முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. மறுபுறம் எஞ்சி நிற்கும் மிகச் சிறு அலையே துகள் வெளியில் காணப்படுவதற்கான நிகழ்தகவு. மதிலைக் குடைந்து செல்வது போலத் தோன்றுவதால் இதை 'டன்னலிங்' என்றனர். நாம் ஊடுருவல் என்போம்.

இது ஏதோ ஏட்டுச் சுரைக்காய் அன்று. கதிரவனின் நடுப்பகுதி சுமார் 1.5 கோடி பாகை வெப்பமுடையது. அந்த வெப்பமும் இரு புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கும் மதிலைத் தாண்டப் போதாது. ஊடுருவல் இல்லையேல் நாம் காணும் பகலவன் இல்லை. 2025-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசும், கையில் ஏந்தத்தக்க மின்சுற்று ஒன்றில் ஊடுருவலைக் காட்டிய கிளார்க், டெவோரெ, மார்ட்டினிஸ் ஆகியோருக்கே வழங்கப்பட்டது.

இங்கே இரு வினாக்களை வேறுபடுத்திக் கொள்ளவேண்டும். ஆல்பா துகள் வெளியேறும்வரை எவ்வளவு காலம் காத்திருக்கிறது என்பது ஒன்று. யுரேனியம் 238-இன் அரை ஆயுட்காலம் சுமார் 450 கோடி ஆண்டுகள் என இதற்கு ஐயமற விடை உண்டு. மதிலுக்குள் நுழைந்தது முதல் வெளிவந்தது வரை எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது மற்றொன்று. கோடானுகோடி ஆண்டுகளைக் கணக்கிட்டுத் தந்த அதே கோட்பாடு, இந்தச் சின்னஞ்சிறு வினாவின் முன் நாவடைத்து நிற்கிறது.

ஏன்? நேரம் என்பது தூரத்தை வேகத்தால் வகுத்த ஈவு எனப் பள்ளியில் கற்றோம். மதிலுக்குள் துகளின் வேகத்தைப் பழைய முறையில் கணக்கிட்டால் எதிர்மறை எண்ணின் வர்க்கமூலம் வருகிறது. அத்தகைய வேகத்தில் ஓடும் வண்டி எதுவும் இல்லை. அன்றியும், குவாண்டம் இயலில் இடம், உந்தம், ஆற்றல் ஆகியவற்றை அளக்கத் தனித்தனிக் கணிதக் கருவிகள் உண்டு. காலத்திற்கு அப்படியொரு கருவியை அமைக்க இயலாது என 1933-இலேயே வோல்ஃப்காங் பவுலி சுட்டிக் காட்டினார். அங்கே காலம் அளக்கப்படும் பொருள் அன்று. நிகழ்ச்சிகளுக்கு வெளியே நின்று ஓடும் கடிகாரம்.

எனினும் கேட்காமல் இருக்க மனிதனால் முடியவில்லை. மதிலைக் கடந்து வரும் அலைத்தொகுதியின் முகடு எப்போது வெளியே தலைகாட்டுகிறது என்று பார்த்தால் போதாதா என்றனர். அப்படிப் பார்த்தபோது விந்தையொன்று எழுந்தது. மதிலின் தடிமனைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஒரு கட்டத்திற்குமேல் இந்த நேரம் கூடுவதில்லை என்று 1962-இல் ஹார்ட்மன் கணக்கிட்டார். அப்படியானால் மிகத் தடித்த மதிலைத் துகள் ஒளியினும் விரைவாகக் கடக்கிறதா? 1993-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்கிலியில் ஸ்டைன்பெர்க், குவியாட், சியாவ் ஆகியோர் இரட்டை ஒளித்துகள்களை ஓடவிட்டனர். ஒன்று வெட்டவெளியில் ஓடியது, மற்றொன்று 1.1 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள தடையைச் சந்தித்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 99 திரும்பிவிட்டன. கடந்து வந்த சிலவோ, வெட்டவெளியில் ஓடிய தம் இரட்டையரைவிடச் சராசரியாக 1.5 ஃபெம்டோ நொடி முந்தி வந்தன. ஜெர்மனியின் கொலோன் நகரில் குந்தர் நிம்ட்ஸ் என்பார் மோட்சார்ட்டின் 40-ஆம் சிம்ஃபொனியை நுண்ணலைகளில் ஏற்றித் தடையினூடே அனுப்பி, ஒளியைப்போல் 4.7 மடங்கு வேகத்தில் இசை வந்து சேர்ந்ததாக அறிவித்தார். செய்தியாளர்களுக்குக் கொண்டாட்டம்! ஆனால் அறிஞருள் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. வெளிவரும் முகடு, உள்ளே புகுந்த முகட்டின் தொடர்ச்சி அன்று. பெரிய அலைத்தொகுதியின் முற்பகுதியிலிருந்து செதுக்கப்பட்ட சிறு துண்டே அது. முகடு முந்தலாம், செய்தி முந்துவதில்லை. ஐன்ஸ்டைனின் விதி சிதையவில்லை.

கணித இயற்பியலார் இச்சிக்கலின் எலும்பை மட்டும் பிரித்தெடுத்துப் பார்க்க விரும்பித் தடிமனே இல்லாத மதில் ஒன்றை அமைத்துக்கொண்டனர். நேர்கோட்டில் செல்லும் துகள். அக்கோட்டின் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் தடை. அகலம் சுழி; வலிமை மட்டும் உண்டு. ஆங்கில அறிஞர் டிராக்கின் பெயரோடு வழங்கும் 'டெல்டா' தடை இதுவே. 1931-இல் குரோனிக்கும் பென்னியும் இத்தகைய முட்களை வரிசையாக நட்டுப் படிகத்துக்குள் எலக்ட்ரான் நகர்வதை விளக்கினர். கல்லூரி மாணவர் ஒரே பக்கத்தில் போட்டு முடிக்கக்கூடிய கணக்கு இது. என் மனத்தைப் பல நாள் விடாது பற்றிக்கொண்டதும் இந்த ஒரு பக்கக் கணக்கே.

உள்ளே தங்க இம்மியளவும் இடமில்லாத மதில்; ஆயினும் அதைக் கடந்த அலைமுகடு தாமதித்தே வருகிறது. தங்குவதற்கு இடமில்லாத இடத்தில் எங்ஙனம் தாமதம்? இது முதல் வியப்பு. மதிலுக்குப் பதிலாக அதே வலிமையுள்ள பள்ளம் ஒன்றை அப்புள்ளியில் வைத்துப் பாருங்கள். விலக்கும் மதிலும் ஈர்க்கும் பள்ளமும் கடக்கவிடும் துகள்களின் விழுக்காடு ஒன்றே. திருப்பியனுப்பும் விழுக்காடும் ஒன்றே. கடந்தவை எத்தனை, திரும்பியவை எத்தனை என எண்ணிக்கொண்டே இருப்பவன், தன் முன்னே இருப்பது மேடா பள்ளமா என்பதை ஒருபோதும் அறியமாட்டான். காலத்தைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்: மதில் தாமதப்படுத்துகிறது, பள்ளம் முந்தச் செய்கிறது. இன்னும் ஒன்று. கடந்து சென்றவைக்கு எவ்வளவு தாமதமோ, மோதித் திரும்பியவைக்கும் அவ்வளவே தாமதம். வென்றதும் தோற்றதும் தடையின் முன் ஒரே அளவு நேரத்தைக் கொடுத்திருக்கின்றன. முடிவுகளை மட்டும் எண்ணி மனிதரை எடைபோடும் பழக்கமுள்ள நாம், இந்த ஒரு பக்கக் கணக்கை அவ்வப்போது படித்துப் பார்க்கலாம்.

நிற்க. முகட்டைப் பார்ப்பதை விட்டு, துகளின் உடலிலேயே ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டால் என்ன என்று சிலர் எண்ணினர். அணுவின் தற்சுழற்சி காந்தப்புலத்தில் ஊசிபோல் மெல்லத் திரும்பும். மதிலுக்குள் மட்டும் காந்தப்புலம் இருக்குமாறு அமைத்தால், ஊசி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதே உள்ளே கழித்த நேரத்தைச் சொல்லிவிடும். 1960களில் சோவியத் நாட்டில் பாஸ் கூறிய இக்கருத்தை 1983-இல் பியூட்டிக்கர் விரித்துரைத்தார். ஊசி ஒரு திசையில் மட்டும் திரும்பாது, மற்றொரு திசையிலும் சாயும் என்றும் அவர் காட்டினார். ஆக, ஒரு கடிகாரத்திற்கே இரண்டு முட்கள்; அவை இரண்டு வெவ்வேறு நேரங்களைக் காட்டுகின்றன. 2020-இல் கனடாவின் டொராண்டோவில் ஸ்டைன்பெர்க் குழுவினர் மீக்குளிரூட்டிய ருபீடிய அணுக்களை, லேசர் ஒளியால் எழுப்பிய 1.3 மைக்ரோமீட்டர் மதிலினூடே அனுப்பி, இந்த முறையில் 0.61 மில்லி நொடி என்று அளந்தனர். இதற்கு ஓராண்டு முன்னர், 2019-இல், ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தார் வேறு வகைக் கடிகாரம் கொண்டு, ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரான் ஊடுருவி வெளியேற 1.8 அட்டோ நொடிக்குமேல் ஆகவில்லை என முடிவு கூறியிருந்தனர். ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, மீண்டும் கோடியால் வகுத்து, இன்னும் ஒருமுறை பத்தாயிரத்தால் வகுத்தால் கிடைக்கும் துணுக்குதான் அட்டோ நொடி!

இவற்றுள் எது மெய்யான நேரம் என்றால், எந்தக் கடிகாரம் எந்தக் கேள்வியைக் கேட்டதோ அந்தக் கேள்விக்கு அது மெய்யான விடை. கடிகாரம் பொய் சொல்லவில்லை. ஆனால் எல்லாக் கடிகாரங்களுக்கும் பின்னே, அவை அனைத்தும் குறிவைக்கும் ஒரே நேரம் என்று ஒன்று இல்லை. இதைக் கேட்டு 'ஆகவே எல்லாம் மாயை' என்பாரும் உண்டு. 'அளக்க முடியாதது நடக்கவேயில்லை' என்பாரும் உண்டு. இருவரும் அவசரப்படுகின்றனர். துகள் இப்புறம் இருந்தது; அப்புறம் வந்தது. கடந்தது உண்மை. அதற்கு ஒற்றை நேரம் இல்லை என்பதும் உண்மை.

திருச்சபையின் சிந்தனை மரபுக்கு இது முற்றிலும் புதியதன்று. புனித அகுஸ்தினார் 'உள்ளக்கிடக்கை' எனவும் 'அறிக்கைகள்' எனவும் தமிழில் சுட்டப்பெறும் தம் நூலின் 11-ஆம் பகுதி முழுவதையும் காலத்தின் புதிருக்கே ஒதுக்கினார். 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்வினாஸ், வானதூதர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்கையில் இடைவெளியைக் கடந்தாக வேண்டுமா என்று தம் இறையியல் தொகுப்பில் வினவுகிறார். அவ்வியக்கம் தொடர்ச்சியற்றதாயின் கடக்கவேண்டியதில்லை என்பது அவர் விடை. அப்படியானால் அது நேரமே எடுக்காதா? எடுக்கும் என்கிறார், ஆனால் அந்த நேரம் விண்கோள்களின் சுழற்சியால் நாம் அளக்கும் நேரம் அன்று என்று உடனே பிரித்துக் காட்டுகிறார். வானதூதர் பற்றிய இப்பகுதியைச் சிரித்தபடி புரட்டிவிடுவோர் பலர். கேள்வி கேட்பதற்கு முன் எந்தக் கடிகாரம் என்று கேட்கத் தெரிந்த அறிவு அதில் இருக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பூட்டிய கதவுகளுக்குள் உயிர்த்த ஆண்டவர் வந்து நின்றதைக் குவாண்டம் ஊடுருவலால் விளக்க முற்படும் ஆர்வலர்கள் நம்மிடையே உள்ளனர். அருள்கூர்ந்து அதை விட்டுவிடுவோம். மனித உடலளவு பொருள் கதவை ஊடுருவும் நிகழ்தகவு, அண்டத்தின் வயது முழுவதும் காத்திருந்தாலும் நிகழாத அளவுக்கு அற்பமானது. உயிர்ப்பு என்பது அபூர்வமாக விழும் சீட்டும் அன்று. இயற்பியல் நம் விசுவாசத்தை நிறுவித் தராது. நான் அதனிடம் வேண்டுவது மிகச் சிறியது: கேள்வி கேட்பதில் ஒரு நாணம்.

நவம்பர் மாதம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றும் தாய் கேட்கிறாள்: என் மகன் உத்தரிக்கிற நிலையில் இன்னும் எத்தனை நாள் இருப்பான்? எத்தனை பூசை வைத்தால் போதும்? இக்கேள்விக்கு நாமே பழக்கிவிட்டோம். பழைய செபப் புத்தகங்களில் சிறு மன்றாட்டுக்குக் கீழே '300 நாள் பலன்' என்று அச்சிட்டிருக்கும். உத்தரிக்கிற இடத்தில் 300 நாள் தள்ளுபடி என்றே பாமரர் கொண்டனர், படித்தவரும் கொண்டனர். உண்மையில் அந்த நாட்கள் மறு உலக நாட்கள் அல்ல. ஆதித் திருச்சபையில் பாவிகள் இவ்வுலகில் நோன்பிருந்து செய்த பகிரங்கத் தவத்தின் நாட்கள் அவை. அந்தத் தவத்திற்கு ஒப்பான பலன் என்பதே பொருள். கடிகாரம் சுவருக்கு இப்புறத்தில் இருந்தது. அதன் முட்களை அப்புறத்து நேரமென்று படித்துக்கொண்டோம். 1967-ஆம் ஆண்டில் திருத்தந்தை 6-ஆம் பவுல் நாட்கணக்கையும் ஆண்டுக்கணக்கையும் நீக்கிவிட்டார். நாள் போனதும் உத்தரிக்கிற நிலையே போயிற்று என எண்ணியவர்களும் உண்டு. புளோரன்ஸ், திரிதெந்து சங்கங்கள் அறிக்கையிட்ட விசுவாசம் நாட்காட்டியில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. 2007-இல் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட், ஆண்டவரைச் சந்திக்கையில் நம்மை எரித்து மாற்றும் அத்தருணத்தின் நீளத்தை இவ்வுலகக் கால அளவுகளால் கணிக்க இயலாது என்று தெளிவுபடுத்தினார். தருணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. மன்றாட்டு வீண் என்றும் சொல்லவில்லை. அந்தத் தாய் இனியும் மன்றாடட்டும், திருப்பலி ஒப்புக்கொடுக்கட்டும். ஆனால் எண்ணிக்கை குறைந்துவிட்டதோ என்று அஞ்சி அவள் கடன் வாங்கும் நிலைக்குத் தள்ளப்பட்டால், தவறு அவளுடையதன்று.

இது நேரம் நீளும் என்ற அச்சம். இதனினும் கொடியது, நேரம் போதாது என்ற தீர்ப்பு.

தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவரைப் பற்றி நெடுங்காலம் நாம் அப்படித்தான் கணக்கிட்டோம். மனம் வருந்த அவருக்கு நேரம் ஏது? பாவமும் சாவும் ஒரே கணத்தில் முடிந்துவிட்டனவே! 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், தெளிந்த மனத்தோடு அவ்வாறு செய்தவர்களுக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை மறுத்தது. அவர்கள் மந்திரிக்கப்படாத நிலத்தில், மணியோசையின்றிப் புதைக்கப்பட்டனர். அச்சட்டத்திற்கு, உயிரின் மாண்பைக் காக்கும் நோக்கம் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தெருவில் அது வேறு வடிவம் எடுத்தது. 'அவன் நரகத்திற்குத்தான் போயிருப்பான்' என்று கைம்பெண்ணின் காதுபடப் பேசுவதற்கு அது துணிவு தந்தது.

பிரான்சு நாட்டில் ஆர்ஸ் என்னும் சிற்றூரின் பங்குக் குருவாயிருந்து 1859-இல் மறைந்த புனித ஜான் மரிய வியான்னியின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. துயர ஆடை அணிந்த ஒரு பெண் கூட்டத்தின் நடுவே நின்றிருந்தாள். அவள் கணவர் பாலத்திலிருந்து குதித்து மாண்டவர். அவள் வாய் திறப்பதற்கு முன்பே புனிதர், உன் கணவர் மீட்படைந்தார் என்றார். பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கும் நீருக்கும் இடையே மனம் வருந்த அவருக்கு நேரம் இருந்தது என்றார். உத்தரிக்கிற நிலையில் இருக்கும் அவருக்காக மன்றாடு என்றும் சொல்லி அனுப்பினார். பாலத்திற்கும் நீருக்கும் இடைப்பட்ட நேரம் நம் கடிகாரத்தில் ஓரிரு நொடி. புனிதர் அக்கடிகாரத்தை மறுக்கவில்லை. அது எதை அளந்தது என்பதை அறிந்திருந்தார். அதற்குள் ஓர் ஆன்மா தன் இறைவனோடு என்ன பேசிற்று என்பதை அக்கடிகாரத்திடம் அவர் கேட்கவில்லை.

அணுவின் மதிலும் அந்தப் பாலமும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அணுவுக்கு மனமாற்றம் கிடையாது. ஆனால், நேரம் போதாது என்று சொல்பவர் ஒரு கடிகாரத்தின் பெயரால் சொல்கிறார். உயிரற்ற துகள் ஒன்று சுவரைக் கடந்த நேரத்தையே ஒற்றை எண்ணில் சொல்ல இயலாத நாம், எந்தக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம்? ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும்: இதே கேள்வியை எதிர்ப்புறமும் கேட்கலாம். 'கடைசி நொடியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று மனமாற்றத்தைத் தள்ளிப்போடுபவனும் அதே கடிகாரத்தைத்தான் நம்புகிறான். அவனுக்கும் அது உதவாது.

1983-ஆம் ஆண்டின் புதிய சட்டத் தொகுப்பு, அடக்கச் சடங்கு மறுக்கப்பட வேண்டியோரின் பட்டியலிலிருந்து தம்முயிரை மாய்த்துக்கொண்டோரை நீக்கிவிட்டது. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூலின் 2283-ஆம் எண், இறைவன் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் அவர்களுக்கு மனமாற்றத்தின் வாய்ப்பை அளிக்கக்கூடும் என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் போதிக்கிறது. எனினும், நவம்பர் மாதத் திருப்பலிக்காக இறந்தோரின் பெயர்களைத் தாளில் எழுதி உறையிலிட்டுத் தரும்போது, ஒரு பெயரை மட்டும் எழுதாமல் விட்டுவிடும் குடும்பங்கள் நம் பங்குகளில் இன்றும் இருக்கின்றன. பங்குக் குரு கேட்டால்கூடச் சொல்வதில்லை. சட்டத்தில் தடை ஏதும் இல்லை. பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம்தான் அந்த வரியை வெறுமையாக விடுகிறது.